கழட்டு... மாட்டு! : பரண்ல ஒரு நிஜ ரீல்

ரீல்னா நமக்கு ரெண்டுதான் தெரியும் மக்களே. ஒண்ணு, நைட்டு ரெண்டு மணி வரைக்கும் போன்ல தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. இன்னொண்ணு, வைவால பதில் தெரியாதப்போ விடுறது! மூணாவதா ஒரு ரீல் இருக்கு. பரண்ல, டிரங்குப் பெட்டிக்குள்ள, கால் இஞ்ச் அகல பிரவுன் நாடாவைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் ஸ்பூல் டேப். அதைப் பாட வைக்கிறதுதான் இந்த வார வேலை.

குட்டி ஃபிளாஷ்பேக். ஜெர்மனிக்காரர் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர், சிகரெட் பேப்பர்ல தங்க நிறப் பட்டை ஒட்டுற வித்தையில கில்லாடி. அதே ஐடியாவுல காகித நாடா மேல இரும்புத்தூளை ஒட்டி, 1928-ல் காந்த டேப்பைக் கொண்டுவந்தார். 1935-ல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் ஏ.இ.ஜி. கம்பெனி 'மேக்னட்டோஃபோன்' மெஷினைக் காட்டியது. 1963-ல் பிலிப்ஸின் கேசட் வந்தது. அப்புறம் வீட்டு ஸ்பூல் மெஷின் எல்லாம் மெள்ள மெள்ளப் பரணேறிடுச்சு.

என் கிளாஸ்மேட்டோட காரைக்குடி வீட்டுப் பரண்லயும் ஒரு கிரண்டிக் மெஷின் கிடைச்சது. கூடவே நாலு டேப். ஒண்ணுல பேனாவால 'அப்பத்தா தாலாட்டு'ன்னு எழுதியிருந்தது. அந்த அப்பத்தா இப்போ இல்லை. அவங்க குரல் இருக்கிற ஒரே இடம் அந்த டேப்தான்.

"மச்சி, ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம்டா!"

இந்த டயலாக்தான் வில்லன். மெஷின் போனா இன்னொரு மெஷின் தேடிப் பிடிக்கலாம். அப்பத்தாவை எங்க தேடுறது? அதனால ரூல் நம்பர் 1: மெஷினை நம்புற வரைக்கும் முக்கியமான டேப்பை அது பக்கத்துலயே கொண்டு போகாதீங்க.

சரி, டூல்ஸ் எடுங்க.

கரன்ட்: வருஷக்கணக்கா தூங்கின மெஷினை நேரா பிளக்ல சொருகாதீங்க பாஸ். வோல்டேஜ் செலக்டர் 110-ல் இருக்கா, 220-லயான்னு முதல்ல பாருங்க. அப்புறம் சீரிஸ் பல்பு. அறுபது வாட்ஸ் குண்டு பல்பை லைனில் தொடரா கொடுத்து ஆன் பண்ணுங்க (எல்.இ.டி. பல்பு வேலைக்கு ஆகாது). பளிச்னு எரிஞ்சு உடனே மங்கினா ஓகே. முழு வெளிச்சத்துல எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ளே ஷார்ட். மெயின்ஸ் பக்கம் இருக்கிற பழைய பேப்பர் கப்பாசிட்டர் விரிசல் விட்டிருந்தா மாத்திடுங்க. இல்லேன்னா 'டப்'னு வெடிச்சு ரூமே நாறிடும். வால்வ் செட்டில் 250 வோல்ட்டுக்கு மேலயே ஓடும். பிளக்கைப் பிடுங்கினாலும் கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். தெரிஞ்ச மெக்கானிக்கோ, லேப் அசிஸ்டென்ட் அண்ணனோ பக்கத்துல இல்லாம மூடியைக் கழட்டாதீங்க.

வைவா கேள்வி: அமெரிக்காவுல வாங்கின மெஷினுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாச்சு. ஆனா பாட்டு இழுத்து இழுத்துப் பாடுது. ஏன்? டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாத்தும், ஃப்ரீக்வென்சியை மாத்தாது. ஏ.சி. மோட்டார் 60 ஹெர்ட்ஸ்ல சுத்தினதை நம்ம ஊர் 50-ல் சுத்தவிட்டா வேகம் ஆறில் அஞ்சு பங்காகிடும். பெண் குரல் கட்டைக் குரலாகும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி போடணும்.

ரப்பர்: பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், பிஞ்ச் ரோலர் கல்லா இறுகியிருக்கும். பெல்ட்டை மாத்துங்க. டேப் உரசுற ஹெட், கேப்ஸ்டன் எல்லாத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சால் துடைங்க.

இப்போதான் டெஸ்ட். அதுவும் வெளியில வாங்கின ஒண்ணுக்கும் உதவாத பழைய டேப்பை வச்சு. காரைக்குடியில நாங்க அப்படித்தான் போட்டோம். இடது ஸ்பூல் விட்டுக்கொடுத்தது, வலது ஸ்பூல் சுத்தவே இல்லை. ரெண்டே செகண்ட்ல டேப் ரோலருக்குள்ள சுருண்டு கசங்கிப் போச்சு. யாரும் பேசலை. நண்பன் மட்டும் மேஜை மேல இருந்த தாலாட்டு டேப்பை எடுத்து அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினான்.

இன்னொரு ஆபத்து ரெக்கார்ட் பட்டன். கேசட்ல ஓரத்துல இருக்கிற பிளாஸ்டிக் துண்டை உடைச்சுட்டா அழியாது. ஸ்பூல்ல அந்தப் பாதுகாப்பே கிடையாது. மைக் சொருகலைன்னாலும் ரெக்கார்ட் ஓடினா எரேஸ் ஹெட் பழசை அழிச்சுக்கிட்டே போகும். அன்டூ எல்லாம் இல்லை தலைவா!

டேப்: பக்கவாட்டுல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. வெளிச்சம் ஊடுருவினா அசிடேட், சட்டுனு அறுந்துடும். வினிகர் வாடை வந்தா அது சிதைய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். எழுபது, எண்பதுகளில் வந்த சில டேப்புகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துடும். ஓடும்போது கீச்சுனு கத்தி, ஹெட்ல பிரவுன் அழுக்கு அப்பினா உடனே நிறுத்துங்க. இதை 54 டிகிரி அளவுல பல மணி நேரம் சூடாக்கிச் சரிபண்றது தொழில்முறை ஆட்களோட வேலை. அசிடேட்டுக்கு அது கூடவே கூடாது. ஹேர் டிரையர் ஐடியாவை இப்பவே மறந்துடுங்க.

கனெக்‌ஷன்: ஐரோப்பிய மெஷின்ல வட்டமா அஞ்சு பின் டின் சாக்கெட் இருக்கும். பொதுவா 1, 4 உள்ளே போற சிக்னல், 3, 5 வெளியே வர்ற சிக்னல், 2 எர்த். 3, 5-லிருந்து ஆர்.சி.ஏ. வயர் எடுத்து, யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியா லேப்டாப்புக்குக் கொடுங்க. ஸ்பீக்கர் வயரை நேரா சொருகக் கூடாது. எம்.பி.3 வேண்டாம், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலா ரெக்கார்ட் பண்ணுங்க. 1200 அடி டேப், செகண்டுக்கு 19 சென்டிமீட்டர் வேகத்துல 32 நிமிஷம் ஓடும். ஒரே டேக்கில் முடிக்கப் பாருங்க. ஒரு பக்கம் பாட்டு, இன்னொரு பக்கம் தலைகீழா பேச்சு கேட்டா பயப்படாதீங்க. அது டிராக் வித்தியாசம்.

பெல்ட், ரோலர் எல்லாம் தேடிப்பிடிச்சு மாட்ட எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. அப்புறம்தான் தாலாட்டு ஓடியது. பாட்டுக்கு நடுவுல அப்பத்தா யாரையோ அதட்டுறாங்க, "டேய், ஒயரைத் தொடாதே!" நண்பனோட அப்பா சிரிச்சார். அந்த 'டேய்' அவர்தானாம். அப்புறம் ஃபைலை முதல்லேருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார்.

இந்த லீவுல ஊருக்குப் போனா பரணைப் பாருங்க. டேப் கிடைச்சா பெட்டி மேல எழுதியிருக்கிறதை போட்டோ எடுங்க. யார் குரல், எந்த வருஷம்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதி வைங்க. அதுக்கு மெஷினே தேவையில்லை. ஆனா சொல்றதுக்கு அவங்க இருக்கணுமே... அதான் இந்த லீவுலயே!

(அடுத்த வாரம்: ஓடாத சீலிங் ஃபேன், ஒரு ஹாஸ்டல் துயரம்!)