சாதனைப் பட்டியலில் ஊராட்சி எங்கே?

கல்வியாண்டு முடியும்போது பல்கலைக்கழகங்களின் அரசியல் அறிவியல் துறைகள் ஆண்டறிக்கை தயாரிக்கின்றன. நெட் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர், முனைவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், பேராசிரியர்களின் கட்டுரைகள் எத்தனை, யார் எந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கினார், பேச்சுப் போட்டியில் யாருக்குக் கோப்பை என்று பட்டியல் நீளும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் இல்லாத படம் ஒன்றுகூட இருக்காது.

இந்தச் சாதனைகளை நாம் குறைத்துப் பேசவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒருவர் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கைக்கு வருகிறது. வேலைக்குப் போகச் சொல்லி வீட்டில் நெருக்கினாலும் ஆய்வைத் தொடரும் தெம்பைத் தருவது அந்தப் பணம்தான். தமிழ்வழியில் எம்.ஏ. வரை படித்த மாணவர் நெட் தேர்வின் அரசியல் அறிவியல் வினாத்தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வாசித்தாக வேண்டும். அந்தத் தடையையும் தாண்டி வந்தவரின் பெயரைத் துறை கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

நம் கேள்வி வேறு. தமிழ்நாட்டு அரசியலைப் பற்றி இந்த ஆண்டு இந்தத் துறை புதிதாக என்ன கண்டறிந்தது? அதற்கு விடை சொல்லும் பத்தி பெரும்பாலான அறிக்கைகளில் இல்லை. அப்படி ஒரு பத்தியை யாரும் கேட்பதும் இல்லை.

தமிழக அரசியலைப் பற்றி உலகம் இன்றும் புரட்டும் நூல்கள் சிலவற்றை எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகத்தின் அரசியல் எழுச்சியை ஆராய்ந்து 1969இல் நூலாக்கினார். திராவிட இயக்கத்தின் பண்பாட்டுத் தேசியத்தைப் பற்றி மார்கரீட் ராஸ் பார்னெட் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண் எழுதிய நூலை 1976இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இருவரும் இங்கே வந்து தங்கி, கட்சிக்காரர்களோடு பேசி, ஊர் ஊராக அலைந்தவர்கள். அந்த ஊர்களுக்கு நம் மாணவர்கள் டவுன் பஸ்ஸில் போய் வரலாம். அவர்களுக்கு மொழி தெரியும், சாதி தெரியும், எந்தத் தெருவில் எந்தக் கட்சிக்கொடி பறக்கிறது என்பதும் தெரியும். தேசியத் தேர்தல் ஆய்வுகள் நடக்கும்போது வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்த பெயர்களோடு வீடு வீடாகப் படியேறுவது பெரும்பாலும் நம் கல்லூரி மாணவர்களே. திரட்டிய தகவலை அலசி எழுதும் கட்டம் வரும்போது அவர்கள் அங்கே இருப்பதில்லை.

குறை மாணவரிடம் இல்லை. துறைக்கு மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. ஆசிரியர்களின் பணியைப் புள்ளிகளால் அளக்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்தது. கட்டுரைக்குப் புள்ளி என்றானதும் காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்கள் மழைக்கால ஈசலாகக் கிளம்பின. 2018இல் அதே குழு, தான் ஏற்றுக்கொண்டிருந்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அறிவிப்பில் நீக்க நேர்ந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் 2022இல் போனது. ஆனால், தேசியத் தரவரிசையில் ஆய்வுக்கு உரிய மதிப்பெண்ணை இன்றும் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய வெளிநாட்டுத் தரவுத்தளங்களே. தன் ஊர்க் கிராம சபையைப் பற்றி ஒரு மாணவி தமிழில் எழுதும் நேர்த்தியான அறிக்கைக்கு அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.

அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களையும் மறந்துவிட முடியாது. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019லேயே சொல்லிவிட்டது. அந்தத் தொகைக்கு வெகு கீழே சம்பளம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்பவரிடம் போய், மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்வது நியாயமில்லை.

களத்தில் என்ன இருக்கிறது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைத் தாண்டி அதே தேனி சாலையில் மேற்கே போனால் உசிலம்பட்டி. அந்த வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996 முதல் 2006 வரை அங்கே அந்த நாற்காலியில் ஒருவரையும் நிலையாக உட்கார விடவில்லை. ஒன்று, வேட்புமனுவே வராது; அல்லது, வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் அதே கதை. சட்டம் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று சொல்ல, பத்து ஆண்டுகள் அப்படியே ஓடின. அரசியல் அறிவியல் மாணவருக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது? 2006 அக்டோபரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்களில் அதிகாரம் உண்மையில் யார் கையில் இருந்தது என்பது இன்றும் ஆராய வேண்டிய கேள்விதான்.

ஆகவே உயர்கல்வித் துறையிடம் நாம் கேட்பது இது. ஒவ்வோர் அரசியல் அறிவியல் துறையின் ஆண்டறிக்கையிலும் தன் மாவட்டத்தைப் பற்றிய கள ஆய்வுக்கு ஓர் அத்தியாயம் கட்டாயமாகட்டும். அதற்கு மாநில அரசே தன் நிதி ஒதுக்கீட்டில் மதிப்பு கொடுக்கட்டும்; டெல்லியின் தரவரிசை மாறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளாவது சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. பைண்டிங் செய்து துறை அலமாரியில் அடுக்கும் எம்.ஏ. ஆய்வேடுகளைத் திறந்து பார்ப்பார் இல்லை. தமிழில் எழுதியவை உட்பட அவற்றில் தேறியவற்றை இணையத்தில் ஏற்றலாம். உதவித்தொகை பெற்றவரின் படத்துக்குக் கீழே அவர் எதை ஆராய்கிறார் என்று இரண்டு வரி எழுதக் காசு செலவாகாது.

உடனே தொடங்க வேலையும் காத்திருக்கிறது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்த பின் முதன்முறையாகத் தேர்வான தலைவிகள் அந்த ஐந்தாண்டில் என்ன செய்தார்கள், காசோலையில் கையெழுத்து யாருடையதாக இருந்தது, முடிவு யாருடையதாக இருந்தது என்பதை அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு எழுதலாம். ஒவ்வொரு துறையும் தன் மாவட்டத்தில் பத்து ஊராட்சிகளை எடுத்துக்கொண்டாலே போதும். பேருந்துச் செலவுக்குப் பணம் இல்லை என்று துறைத் தலைவர்கள் சொல்லக்கூடும். ஒரு சர்வதேசக் கருத்தரங்கைக் குறைத்துக்கொண்டால் அந்தப் பணம் கிடைத்துவிடும்.