அடக்கமான வண்டி, அவசரத்துக்கு ஓடும் வண்டி

நம் சங்கத்து அன்பர் ஒருவர், பஜார் சாலையில் மலைச்சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுபவர், சென்ற மாதக் கூட்டம் முடிந்தபின் என்னிடம் ஓர் அபிப்பிராயம் கேட்டார். கையில் நான்கு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். தாயார் கடையநல்லூரில் தனியே இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். ஆகையால் பழைய மோட்டார் ஒன்று வாங்க உத்தேசம். அது முதலாளியின் கண்ணை உறுத்தாத வண்டியாக இருக்க வேண்டும். ஆனால் நடுநிசியில் டெலிபோன் வந்தால், மனைவி மக்களோடு ஆரியங்காவுக் கணவாயைத் தயங்காமல் ஏறி இறங்கவும் வேண்டும். இப்படியும் ஒரு வண்டி உண்டா என்பதே அவர் கேள்வி.

ரயில்வே குமாஸ்தாவிடம் போய் மோட்டாரைப் பற்றிக் கேட்கலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். செங்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குப் பாலருவி விரைவு வண்டி இருக்கிறது. அதையே நான் முதலில் சொன்னேன். ஆனால் ரயில் தன் நேரத்துக்குத்தான் புறப்படும். நோயும் சாவும் அப்படி நேரம் பார்ப்பதில்லை. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மவர் குடும்பங்களில் மோட்டார் என்பது பெருமைக்குரிய பொருள் மட்டும் அன்று என்பதை நான் அறிவேன். இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால், அவருக்குச் சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன்.

வேகம் என்றவுடன் நம் இளைஞர்கள் மணிக்கு 160 கிலோமீட்டர், 180 கிலோமீட்டர் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கு நம் நாட்டுச் சாலைகளில் வேலை இல்லை. குடும்பஸ்தனுக்கு வேண்டியது முந்திச் செல்லும் வேகம். இருவழிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஊரும் பஸ் ஒன்றின் பின்னால் நாம் போகிறோம். எதிரே 60 கிலோமீட்டரில் ஒரு லாரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40இலிருந்து 80ஐ எட்டுவதற்கு ஒரு வண்டி 8 விநாடி எடுக்கிறது. மற்றொன்று 14 விநாடி எடுக்கிறது. பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து மீட்டர் இடம் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வண்டி ஏறத்தாழ 7 விநாடியில் தன் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குச் சாலை எதிரே சுமார் 240 மீட்டர் வெறுமையாக இருந்தால் போதும். இரண்டாவது வண்டிக்கு ஒன்பதரை விநாடியும் 300 மீட்டரும் வேண்டும். இது சமதரைக் கணக்கு. தென்மலைக்கு மேலே ஏற்றமும் வளைவுமாகக் கிடக்கும் பாதையில், ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறிய வண்டிக்கு இன்னும் அதிகம் தேவைப்படும்; அங்கே 300 மீட்டர் தூரத்துக்குச் சாலை கண்ணுக்குத் தெரியும் இடங்களோ மிகச் சில. ஆகவே விரைவான வண்டி என்பது எதிர்ப்பக்கத்தில் குறைந்த நேரம் நிற்கும் வண்டி என்றே நான் பொருள் கொள்கிறேன்.

இந்த விரைவு எங்கிருந்து வருகிறது? எஞ்சினின் பலத்தை மட்டும் பார்த்தால் போதாது; அது இழுக்கும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் இலாகாவில் இது பாலபாடம். 6,350 குதிரைசக்தி கொண்ட டபிள்யூ.ஏ.பி. 7 எஞ்சினின் பின்னால் 24 பெட்டிகளைக் கோத்தால் ஒரு நடை. 16 பெட்டிகளைக் கோத்தால் வேறு நடை. மோட்டாரிலும் அப்படியே. உயரமும் அகலமுமாக ஜீப்பைப் போலத் தோற்றம் கொடுத்து விற்கப்படும் வண்டிகள் பல, எடை மிகுந்து, அதே எஞ்சினைக் கொண்ட சிறிய வண்டியைவிடச் சோம்பலாகவே நகர்கின்றன. இருந்தாலும் பழைய வண்டிச் சந்தையில் அவற்றுக்கே கிராக்கி. ஊருக்குப் போனால் வாசலில் நிறுத்த உயரமான வண்டி வேண்டுமாம்! அந்த உயரத்துக்காக நம்மவர் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அடக்கமான வண்டியைத் தேடுகிறவனுக்கு லாபமாக மிஞ்சுகிறது.

வெளியே சாதுவாகவும் உள்ளே வலுவாகவும் இருக்கும் வண்டி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் அம்பாசிடரில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி விற்றார்கள். உருவம் அதே பழைய உருண்டை உருவந்தான். ஆனால் மிதித்தால் பாயும். அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இன்று அதைத் தேடுவது வண்டிப் பித்தர்களின் வேலை. தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியவரின் வேலை அன்று.

நிற்க. நம் தொகைக்கு அருகில் வரக்கூடிய வண்டிகளைப் பார்ப்போம். மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர் நீளத்தை மறக்கலாகாது. ஜூத் தெருவிலும் பஜார் சாலையிலும் சுமை லாரி ஒன்று நின்றால் மனிதனே ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். நான்கு மீட்டருக்குட்பட்ட வண்டியே இங்கே சௌகரியம். ஹோண்டா சிட்டியின் 2008ஆம் ஆண்டு உருவம், 118 குதிரைசக்தியுடன், அடக்கமும் விரைவும் ஒருங்கே அமைந்த நல்ல வண்டி. ஆயினும் அதன் நீளம் நான்கே கால் மீட்டருக்கு மேல். தனி வாசல் உள்ளவர்கள் அதைத் தாராளமாகக் கருதலாம்.

மாருதி பலேனோ ஆர்.எஸ். என்று ஒன்று 2017 மார்ச்சில் வந்தது. சாதாரண பலேனோவுக்கும் அதற்கும் தூரத்திலிருந்து வேற்றுமை காண்பது அரிது. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், சுமார் 101 குதிரைசக்தி, எடையோ 950 கிலோதான். 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள். விற்றதே குறைவு; ஆகையால் கிடைப்பதும் குறைவு. எஞ்சின் ஜப்பானிலிருந்து வந்தது என்பதால், அதன் சில உறுப்புகளுக்குக் காத்திருக்க நேரலாம்.

வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வண்டியை வாலிபர்கள் புகழாத நாளில்லை. 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் 105 குதிரைசக்தியும் கொண்ட அதன் ஓட்டம் உண்மையிலேயே இனிது. ஆனால் அதிலுள்ள இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்ப்பெட்டி கெட்டால், பழுது பார்க்கும் செலவு லட்சத்தைத் தொடக்கூடும். மாதச் சம்பளக்காரன் அந்தச் சூதாட்டத்துக்கு உடன்படலாகாது என்பது என் கட்சி.

என் மனத்துக்கு மிகவும் பொருந்துவது ஃபோர்டு ஃபிகோவும், அதற்கே பின்பெட்டி சேர்த்த ஆஸ்பயரும். 2015இல் வந்த உருவத்தைச் சொல்கிறேன். அதன் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 100 குதிரைசக்தி, 215 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எடை ஏறத்தாழ ஒரு டன். சாம்பல் நிறத்தில் ஒன்று தெருவோரம் நின்றால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஏற்றத்தில் கியரை அடிக்கடி மாற்றாமலே ஏறிவிடும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் வண்டி தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த அச்சத்தினால் விலை தணிந்தது. உதிரிப் பாகங்களும் பராமரிப்பும் தொடர்ந்து கிடைக்கின்றன. எனினும் மறுபடியும் விற்கும்போது நல்ல விலை எதிர்பார்க்க வேண்டாம். பத்தாண்டு வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது ஒரு குறையன்று. இந்த டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் என்ற வார் ஒன்று உண்டு. அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினின் உள்ளுறுப்புகள் மோதிச் சிதைந்துபோகும். அதை மாற்றியதற்கு ரசீது இல்லையேல், மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்க.

ஊர்ப் பயணம் ஆண்டுக்கு இரண்டு தடவைதான், மற்ற நாட்களில் தோப்பும்படிக்கும் எறணாகுளத்துக்கும் ஓடினால் போதும் என்பவர்கள் டீசல் பக்கம் போக வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. குறுந்தூரமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு 2018இல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட் போதும். 83 குதிரைசக்திதான்; ஆனால் எடை 900 கிலோவுக்கும் குறைவு. எடைக்கு ஏற்ற பலம் என்ற கணக்கில் அது ஃபிகோ டீசலுக்குப் பிந்தியதன்று. ஏற்றத்தில் மட்டும் கியரைக் குறைத்து எஞ்சினைச் சற்று உரக்கப் பாடவிட வேண்டும்.

வேறொரு வகை வண்டியைப் பற்றி எச்சரிக்கிறேன். எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றிப் பலத்தைக் கூட்டியிருப்பதாகவும், புகைக்குழாயை மாற்றியிருப்பதாகவும் பெருமையாகச் சொல்லித் தரகர்கள் காட்டுவார்கள். கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபராதம் ஒருபுறம் இருக்க, அப்படித் திருத்திய வண்டியை முந்தைய உடைமையாளர் எவ்விதம் ஓட்டியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இனி வண்டியைப் பார்க்கும் முறை. நம் கொச்சியில் எல்லாவற்றுக்கும் முதற்பகை நீர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஆலுவா, பறவூர், சாலக்குடிப் பக்கங்களில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் அதே கதை. அவற்றைக் கழுவித் துடைத்து, புதிய விரிப்புப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கை வாரை முடிந்த மட்டும் வெளியே இழுத்துப் பாருங்கள்; சாதாரணமாக வெளியே வராத அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை மறைந்திருக்கும். மாற்றுச் சக்கரத்தை எடுத்து அடிக்குழியைத் தடவிப் பாருங்கள். இருக்கை ஓடும் தண்டவாளத்திலும் அதன் திருகுகளிலும் துருவைத் தேடுங்கள். நறுமண எண்ணெய் கமகமவென்று வீசினால் சந்தேகம் கொள்ளுங்கள்.

இதைவிடக் கொடியது உப்பு. வேலியேற்றம் என்று இவ்வூரார் சொல்லும் கடற்பெருக்குக் காலத்தில், கும்பளங்கி, இடக்கொச்சி முதலிய இடங்களில் உவர்நீர் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. அங்கே நிறுத்தப்பட்ட வண்டி மேலே பளபளப்பாக இருக்கும். கதவின் கீழ்விளிம்பும் ஜாக்கி வைக்கும் இடமும் அரித்துப் போயிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிவைத்துக் காணாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெயில் காய்ந்த பாலக்காட்டு வண்டிக்குப் பத்தாயிரம் அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஓட்டிப் பார்க்கத் தனியே போகாமல் குடும்பத்தோடு போங்கள். நால்வர் ஏறி, குளிர்சாதனத்தையும் போட்டால்தான் வண்டியின் உண்மைத் தெம்பு தெரியும். கொச்சியில் மலை ஏது? பாலங்களே நமக்கு மலை. தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி நகர்த்திப் பாருங்கள். கண்டெய்னர் சாலையில் இடம் கண்டு, மூன்றாம் கியரில் 40இலிருந்து 80 வரை, உடன் வருபவரை விநாடி எண்ணச் சொல்லுங்கள். அதே இடத்தில் பிரேக்கையும் சோதியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் மழையில் பிடிக்காது. ஆகவேதான் நான்கு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன். மூன்றே கால் லட்சத்துக்குள் வண்டியை முடித்து, மிச்சத்தை டயர், பிரேக், எண்ணெய், பாட்டரி ஆகியவற்றுக்கு ஒதுக்கினால், முதல் வாரமே மலை ஏறலாம்.

காகித விவகாரம் சுருக்கமாக. தமிழ்நாட்டுப் பதிவு வண்டி ஊரில் மலிவாகக் கிடைத்தது என்று ஓட்டி வந்துவிடுகிறார்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று வர வேண்டும். கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதானால் இங்கே மறுபதிவு செய்து எஞ்சிய காலத்துக்கு வரியும் செலுத்த வேண்டும். மலிவு என்று கண்டது அதற்குள் கரைந்துவிடலாம்; முன்னரே மட்டாஞ்சேரி அலுவலகத்தில் வரியை விசாரித்துக்கொள்க. வங்கிக் கடன் இருந்ததாயின், அது நீங்கிய குறிப்பு பதிவுச் சான்றில் ஏறியிருக்க வேண்டும்.

பழைய வண்டியை விற்கும் நம்மவருக்கும் ஒரு சொல். பணம் வாங்கிக்கொண்டு, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர். விபத்து நேர்ந்தால் இழப்பீடு அவரைத்தான் வந்து சேரும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அந்த வழக்கில் வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் முதல்வருடையதாகவே நின்றது. ஆகையால் 29, 30 எண்ணுள்ள படிவங்களை இருவரும் சேர்ந்தே நிரப்பி, பெயர் மாறும் வரை தொடர்ந்து பாருங்கள். வாங்கியவர் பதினான்கு நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான போனஸ் சலுகை விற்றவரைச் சேர்ந்தது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத் தொகையையும் மேலே ஒதுக்கச் சொன்ன முக்கால் லட்சத்திலேயே சேர்த்துக்கொள்க.