எட்டுப் போட்டால் போதுமா?

பதினெட்டு வயது நிரம்பியதும் மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விழைவது நம் இளைஞரின் இயல்பு. எழுத்துப் பரீட்சையிலே தேறிவிட்டால், பின்பு அவர்தம் கவலையெல்லாம் ‘எட்டு’ப் போடுவதைப் பற்றியதே. காலை நிலத்தில் ஊன்றாது எட்டு வடிவில் வண்டியைச் செலுத்தும் திறமை வேண்டியதுதான். மெல்லச் செல்லும் வண்டியை நிலைதவறாது ஆள்வதற்கு அது சான்று. ஆயினும், மைதானத்தில் எதிரே லொறி வருவதில்லை, வீதியில் வரும். ஆகவே, பரீட்சைக்கு ஆயத்தமாவோர் வீதிக்கே ஆயத்தமாதல் வேண்டும் என்போம்.

பாலாவிச் சந்தியை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியுமிடம் அது. சிலாபம் பக்கமிருந்து கற்பிட்டிக்குப் போகிறவர் இடப்புறம் திரும்பினாற் போதும். புத்தளத்திலிருந்து வருபவரோ, எதிர்வரும் வாகனங்களின் பாதையைக் கடந்து வலப்புறம் திரும்புதல் வேண்டும். பயிற்சியின் தரம் இங்கேதான் வெளிப்படும். முதலிற் கண்ணாடியைப் பார்த்தல், சமிக்ஞை விளக்கைப் போடுதல், வேகத்தைக் குறைத்தல், வலத்தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தல், நடுக்கோட்டை அண்மி, எதிரே வழி கிடைக்கும்வரை காத்திருத்தல், திரும்பியபின் விளக்கை மறவாது அணைத்தல். கண்ணாடிக்குத் தெரியாத மறைவிடத்தைத் தோளுக்கு மேலான பார்வையே காட்டும். அணைக்க மறந்த விளக்கோ பிறரைப் பொய்யாக நம்பவைக்கும்.

காத்திருக்கப் பொறுமை ஏன்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு பிறேக்கைப் பிடிக்குமுன்னரே அத்தனை தூரம் போய்விடுமன்றோ?

கற்பிட்டி வீதியில் வேறு பாடங்களும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரிய லொறியொன்று அருகே கடக்கையில் காற்று ஒரு கணம் மறைபட்டு, மறுகணம் வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுகப் பற்றாமல், வேகத்தைத் தணித்து, லொறிக்கு இடம்விட்டுச் செல்வதே அறிவு. வீதியோரத்து மணலில் சடுதியாகப் பிறேக் பிடித்தால் சில்லு வழுக்கும். மணலை அணுகுமுன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். நல்ல தரையிலே முன்பிறேக்கு, பின்பிறேக்கு இரண்டையும் படிப்படியாக ஒருங்கே பிடிக்கப் பழகுக. வண்டி நிற்கும்போது பாரம் முன்சில்லின்மேற் சாய்வதால், நிறுத்தும் வலிமையிற் பெரும்பகுதி முன்பிறேக்கினுடையதே. குறுக்கே வரும் கழுதைகளுக்கோ வீதி ஒழுங்கு தெரியாது. நாமே அவற்றுக்காகவும் சிந்தித்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையிடம், “பக்கத்துக் கடைக்குத்தானே!” என்று சாவியைக் கொடுப்பது அன்பாகாது. தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதத்தாலும், தலைக்காய அபாயத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். ஆனால், வாரைப் பூட்டாத கவசம் விழும் வேளையிற் கழன்றோடிவிடும். பின்னால் அமரும் தங்கைக்கும் தாய்க்கும் அக்கவசம் வேண்டும்.

பரீட்சகர் நம்முடன் இருப்பது சில நிமிடங்களே. அவர் பார்க்கும்போது செய்வதை அவர் பாராதபோதும் செய்யும் பழக்கம் வந்துவிட்டால், பரீட்சையைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்திருக்கும் தாய்க்கும் அச்சம் குறையும்.