நிலத்தடி நீர்க் கணக்கும் வாயிற்படிப் பிழைகளும்

நிலத்தடி நீர் கண்ணுக்குப் புலப்படாதது. ஆகவே அதன் ஓட்டத்தை அறிய விஞ்ஞானிகள் கணித மாதிரிகளைத் துணைகொள்கின்றனர். மணலினூடே நீர் செல்லும் அளவு நீர்மட்டச் சரிவைப் பொறுத்தது என்பதை 1856-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர் ஹென்றி டார்சி நிறுவினார். அவ்விதியே இத்தகைய மாதிரிகளுக்கு அடிப்படை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1984-இல் வெளியிட்ட மாட்ஃப்ளோ என்னும் மென்பொருள், நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் புகும் நீரையும் வெளியேறும் நீரையும் கணக்கிடுகிறது. கணக்கிடும் முறை நன்கு சோதிக்கப்பட்டது. பிழை நுழைவது பெரும்பாலும் வாயிற்படியில். அதாவது, கிணற்றில் அளந்த விவரங்களை மென்பொருளுக்குள் ஏற்றும்போதும், விடைகளை வெளியே எடுக்கும்போதும். அவ்வாயிற்படிக்குக் காவல் இல்லாத எந்த அறிக்கையையும் அரசு ஏற்கலாகாது என்பதே எமது அபிப்பிராயம்.

மும்பையின் வடகிழக்கு எல்லையிலுள்ள முலுண்டை உதாரணமாகக் கொள்வோம். அதன் மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள். கிழக்கே தாணே கழிமுகம். இடையிலுள்ள நிலம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. அடியில் இருப்பது தக்காண எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை. அதன் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. நன்னீர் மட்டம் மிகவும் தாழ்ந்தால் கழிமுகத்து உவர்நீர் உட்புக வழி ஏற்படும். இத்தகைய இடத்தில் ஓரிரு மீட்டர் பிழையும் முடிவையே மாற்றிவிடக்கூடும்.

முதலில் இடத்தைக் குறிக்கும் எண்களைப் பார்ப்போம். முலுண்டின் தீர்க்கரேகை ஏறத்தாழ 72 டிகிரி 57 நிமிடம். இதைத் தசமத்தில் 72.95 என எழுத வேண்டும். நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின் வைத்து 72.57 என ஏற்றினால், கிணறு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் நகர்ந்து அரபிக் கடலில் விழும். இப்பிழை வெளிப்படையானது; வரைபடத்தைப் பார்த்தவுடன் பிடிபடும். அட்சரேகையிலோ அவ்வாறன்று. 19 டிகிரி 10 நிமிடத்தை 19.10 என எழுதினால் கிணறு ஏழு கிலோமீட்டர் தெற்கே நகரும். ஆயினும் நகருக்குள்ளேயே இருக்கும். எவரும் ஐயுற மாட்டார்.

அடுத்தது உயரம். களப் பணியாளர் அளப்பது தரையிலிருந்து நீருக்குள்ள ஆழம். மாதிரி கேட்பதோ கடல் மட்டத்திலிருந்து நீரின் உயரம். தரை 12 மீட்டர் உயரத்திலும் நீர் 4 மீட்டர் ஆழத்திலும் இருந்தால், ஏற்ற வேண்டிய எண் 8. ஆழத்தையே உயரமாக ஏற்றிவிட்டால், ஆழம் மிகுந்த கிணறு உயர்ந்த நீர்மட்டம் உடையதாகத் தோன்றும். கணிப்பொறியில் ஓட்டம் தலைகீழாகும். மும்பையில் வேறொரு இடையூறும் உண்டு. மாநகராட்சியின் பொறியியல் வரைபடங்களில் உயரங்கள் நகர மண்டப மட்டம் என்னும் உள்ளூர் அடிப்படையிலிருந்து குறிக்கப்படுவது வழக்கம். அதன் பூஜ்யம் சராசரிக் கடல் மட்டத்துக்கு 20 மீட்டருக்கும் மேல் கீழே உள்ளது. இரு வகை எண்களையும் ஒரே பட்டியலில் கலப்பது, அடியையும் மீட்டரையும் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

காலக் குறிப்பும் கவனத்துக்குரியது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டில் நான்கு முறை அளக்கும் வழக்கமுடையது. மழைக்கு முந்திய அளவீடும், மழைக்குப் பிந்திய நவம்பர் அளவீடும் அவற்றுள் முக்கியமானவை. 05/11 என்பது நவம்பர் 5-ஆ, மே 11-ஆ? நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்க வழக்கில் அமைந்த மென்பொருள் மாதத்தை முதலில் படிக்கிறது. விளைவாக, மழை முடிந்த பின் நிறைந்திருந்த கிணறு கோடையிலும் நிறைந்திருந்ததாகப் பதிவாகும். இதனினும் கொடியது வறண்ட கிணற்றின் நிலை. நீரில்லாமையால் வெற்றிடமாக விட்ட கட்டத்தைச் சில நிரல்கள் பூஜ்யம் எனக் கொள்ளும். ஆழம் பூஜ்யம் என்றால் நீர் தரைமட்டத்தில் நிற்கிறது என்று பொருள்! 1,25,000 என்று நம் முறைப்படி காற்புள்ளியிட்ட எண்ணும், காற்புள்ளியால் பிரிக்கப்படும் கோப்பில் மூன்று எண்களாகச் சிதறும்.

இங்கே ஒரு பொய்யான ஆறுதல் உண்டு. நீர் வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அறிக்கைகள் பெருமையுடன் கூறுவதுண்டு. அது கணிப்பொறி பிழையின்றிக் கூட்டியதற்குச் சான்று. கிணற்றின் உண்மைக்குச் சான்றன்று. பொய்ப் பற்றெழுதிய பேரேடும் மொத்தத்தில் சரியாகவே நிற்கும்.

பரிகாரம் எளியது. ஒவ்வொரு எண்ணுடனும் அதன் அலகு, உயர அடிப்படை, அளந்த நாள் ஆகியவை எழுதப்பட வேண்டும். மாதத்தின் பெயரை எழுத்தால் குறிப்பது நன்று. வறட்சிக்குத் தனிக் குறி வேண்டும். உள்ளேற்றிய விவரங்களை மீண்டும் வெளியே எடுத்து, களப் புத்தகத்துடன் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கிணறுகளை வரைபடத்தில் இட்டு, அவ்வூரை அறிந்தவரிடம் காட்ட வேண்டும். மாதிரியைச் சரிக்கட்டுவதற்குப் பயன்படுத்தாத சில கிணறுகளைக் கொண்டு விடையைச் சோதிக்க வேண்டும்.

இதனால் கால தாமதம் ஆகும் என்பர். ஆகட்டும். ஒரு குடியிருப்பில் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டலாமா என்பதை இவ்வண்ணப் படங்களைக் கொண்டே அதிகாரிகள் தீர்மானிக்கும் காலம் இது. தவறான அனுமதியால் கிணறு உவர்த்துப்போனால், அதனை மீட்கப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே மூல அளவீடுகளும் ஒப்பீட்டுப் பட்டியலும் இணைக்கப்படாத எந்த மாதிரி அறிக்கைக்கும் பொதுப் பணம் வழங்கப்படலாகாது. இதை ஒப்பந்த விதியாகவே சேர்ப்பது அரசின் கடமை.