சுமைதாங்கிக்கு ஒரு பலகை!

1932இல் உயிர்நீத்த கொடிகாத்த குமரனுக்குத் திருப்பூரில் நினைவகம் இருக்கிறது. புலியோடு போராடி இறந்தவர்களுக்குக் கொங்கு நாட்டில் புலிகுத்திக்கல் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன சாதாரணப் பெண்ணுக்கு? அவள் நினைவாக வழியோரம் நட்டதுதான் சுமைதாங்கி! நிற்கும் இரண்டு கல், மேலே படுத்த ஒரு கல். நடந்து வருபவர் யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்கலாம்.

"இப்ப யாரு சுமை தூக்கறாங்க, கல்லு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம மேட்டுப்பாளையம் ரோடு மாதிரி எல்லா ரோடும் அகலமாகட்டும். ஆனால் கல்லை உடைக்காமல் தள்ளி நட்டு, யாருக்காக வைத்தது என்று பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். அமெரிக்காவில் உள்ளூர் வரலாற்றுக்கு ரோட்டோரம் அப்படிப் பலகை வைக்கிறார்கள்.

உங்க ஊர்ல சுமைதாங்கி இருக்கா? அம்மிச்சியிடம் கேட்டு எழுதி வையுங்க. கல்லும் போய்விட்டால் அந்தப் பெண் வாழ்ந்ததற்கு வேறு என்ன சாட்சி? சிந்திப்போம்!