இருதயமும் தலைவிதியும்

நமது நாட்டில் மாரடைப்பிலிருந்து தப்பியவரைப் பிழைத்தவராக யாரும் எண்ணுவதில்லை; சாவுக்குத் தவணை வாங்கியவராகவே எண்ணுகின்றார்கள். இராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளியானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரரானாலும் சரி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரைக் கட்டிலில் கிடத்தி, அசையாதே என்று காவல் வைத்து, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகின்றார்கள். ஒரு மனிதனை உயிரோடு பிணமாக்க இதைவிட வேறு வழி வேண்டுமா என்று கேட்கின்றோம்.

இருதயம் ஒரு பம்பு. அது நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கின்றது. அதற்கே இரத்தம் கொடுக்கும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், அந்தச் சதையில் ஒரு பாகம் செத்துப் போகின்றது. புகையிலை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவைகளுக்கு இதில் பங்குண்டு. சனிக்கும் கேதுவுக்கும் பங்கில்லை.

இடது கீழறையிலுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகின்றது என்பதை டாக்டர்கள் எக்கோ பரிசோதனையில் அளக்கின்றார்கள். 50க்கு மேலிருந்தால் நலம். 40க்குக் கீழே போனால் பலவீனம். இந்த எண் அவசியமானதுதான். ஆனால், கிணற்று மோட்டாரின் சக்தி குறைந்துவிட்டதென்று எந்தக் குடியானவராவது நிலத்தையே தரிசாகப் போடுகின்றாரா? எத்தனை குழிக்குத் தண்ணீர் பாயும் என்றல்லவா பார்க்கின்றார்! அதுபோலவே 35 உள்ளவர் மருந்தும் நடையுமாகத் தம் ஜீவனத்தைப் பார்க்கலாம். 60 உள்ளவர் பயத்தினால் திண்ணையை விட்டு இறங்காமலும் இருக்கலாம்.

ஆகவேதான் அமெரிக்க டாக்டர்கள் 1995இல் சியாட்டில் நகரின் பெயரால் 19 கேள்விகள் கொண்ட பட்டியலொன்றை வெளியிட்டார்கள். எவ்வளவு நடக்க முடிகின்றது, எத்தனை தடவை வலிக்கின்றது, வாழ்க்கையில் திருப்தி உண்டா என்று நோயாளியையே கேட்பது அது. நம் வீடுகளில் இதை யார் கேட்கின்றார்கள்? அதிலும் பெண்களை? அவர்களுக்கு நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு முடித்துவிடுகின்றோமே!

இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம் இம்மாகாணத்தில் 2021இல் வந்தது. நெஞ்சு வலியோடு வருகின்றவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கும் திட்டம் 2023இல் வந்தது. இவ்வளவும் இருக்க, 108ஐக் கூப்பிடாமல் மந்திரிக்க அழைத்துப் போவது கொலைக்குச் சமானமல்லவா? ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், வலி போய்விட்டதென்று டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தினால், இரத்தம் உறைந்து அந்த இடமே மறுபடியும் அடைத்துக்கொள்ளக்கூடும்.

இராஜபாளையத்தில் சஞ்சீவி மலை இருக்கின்றது. அநுமார் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கதை சொல்லுகின்றார்கள். அது எவருடைய அடைப்பையும் திறந்ததில்லை. ஆனால், டாக்டர் சொன்ன அளவுக்கு அதன் அடிவாரத்தில் தினமும் நடப்பவருக்கு இருதயமும் பலப்படும், பயமும் தெளியும்.

தோழர்களே! உங்கள் வீட்டில் இருதய நோயாளி இருந்தால் ஜாதகத்தைக் கட்டி வையுங்கள். புகையிலையை வெளியே எறியுங்கள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள். "இன்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?" என்று கேளுங்கள்.