எத்தனை கால் குடுத்தாங்கள் எண்டு மட்டும் கேட்டால் போதுமா?

மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யுற ஒரு நிறுவனம் வளர்ந்திருக்கு எண்டு நாங்கள் எதை வைத்துச் சொல்லுறம்? பெரும்பாலும் ஒரு எண்ணை வைத்துத்தான். இந்த வருசம் இத்தனை சக்கர நாற்காலி, இத்தனை செயற்கைக் கால், இத்தனை பயனாளிகள். பக்கத்தில் பிரமுகர் ஒருவர் நிற்கிற படம். நாங்களும் ஒரு லைக் போட்டுவிட்டுக் கடந்து போகிறோம். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

மிச்சக் கதைக்கு ஜெய்ப்பூர் கால் நல்ல உதாரணம். 1968 அளவில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி.கே. சேத்தி போன்ற வைத்தியர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. அதுவரை கிடைத்த மேற்கத்தேயக் கால்கள் சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருக்கிற ஆக்களுக்கானவை. சேற்று வயலுக்குள் இறங்கிறவரும், சம்மணம் கட்டி இருந்து சாப்பிடுறவரும், வெறுங்காலோடு கோயிலுக்குப் போறவரும் அதை வைத்து என்ன செய்யிறது? ரப்பரில் செய்த, எல்லாப் பக்கமும் வளைஞ்சு குடுக்கிற இந்தப் பாதம் இதற்கெல்லாம் இடம் குடுத்தது.

ஆனாலும் முதல் ஏழு வருசத்தில் அதைப் பெற்றவர்கள் அறுபது பேரளவில்தான். 1975இல் டி.ஆர். மேத்தா 'பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி'யைத் தொடங்கின பிறகுதான் நிலைமை மாறியது. இன்று அவர்கள் ஒரு வருசத்தில் பொருத்துகிற கால்கள் பல ஆயிரம். பாதம் அதே பாதம்தான். ஆளை நடத்துகிற விதம்தான் மாறியது. தூரத்துக் கிராமத்திலிருந்து வருகிறவரை 'இன்றைக்குப் போய் வேறொரு நாள் வா' எண்டு திருப்பி அனுப்பாமல், தங்க இடமும் சாப்பாடும் குடுத்து, காசு வாங்காமல் காலோடு அனுப்பினார்கள். எங்களுக்கு அந்த ஆயிரங்களை விட இந்த முறைதான் பெரிய விசயம்.

எங்கட பக்கம் இந்தக் கால் யுத்தத்தோடுதான் வந்தது. யாழ்ப்பாணத்தில் சனம் சுருக்கமாக 'ஜெய்ப்பூர் நிறுவனம்' எண்டு சொல்லுற புனர்வாழ்வு நிலையம் 1987இல் தொடங்கியது. மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களோடுதான் அது வளர்ந்தது. அப்படிப்பட்ட இடம் வளர்ந்தது எண்டு சந்தோசப்படவும் மனசு வராது, வளராமல் இருந்திருக்கலாம் எண்டு சொல்லவும் ஏலாது. யுத்தம் முடிந்த பிறகும் வேலை குறையவில்லை. விபத்தில் கால் இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். சீனி வருத்தத்தால் கால் எடுக்கவேண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணிக்கை மறைக்கிற விசயம் இதுதான்: செயற்கைக் கால் ஒருதரம் குடுத்து முடிகிற சாமான் இல்லை. மிஞ்சியிருக்கிற காலுக்கு அச்சு எடுத்து, அதற்குப் பொருந்தக் கிண்ணம் செய்து, போட்டு நடந்து பழக வேண்டும். சில மாதத்தில் அந்தக் கால் மெலியும், கிண்ணம் தளரும், உரசிப் புண் வரும். பெரியவருக்கே சில வருசத்துக்கு ஒருக்கால் புதுக்கால் தேவை. ஏழு வயதுப் பிள்ளை எண்டால் வளர வளர, ஏறக்குறைய ஒவ்வொரு வருசமும் மாற்ற வேண்டும். முகாம் வைத்து நூறு கால் குடுத்துவிட்டுப் போன நிறுவனம் அறிக்கையில் பெரிசாகத் தெரியும். அதே பத்துப் பேருக்குப் பத்து வருசமாகத் திருத்திக் குடுக்கிற நிறுவனம் சின்னதாகத் தெரியும். எங்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் வளர்ச்சி எண்டு சொல்லுவம்.

ஆகவே பிறந்தநாளுக்கோ நினைவுநாளுக்கோ காசு குடுக்க முதல் மூன்று கேள்வி கேட்பம். குடுத்த சாமான் உடைந்தால் ஆர் திருத்துறது? நிர்வாகக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? படம் எடுக்கச் சம்மதம் கேட்டார்களா? ஆணியும் ரப்பரும் வாங்க, தொழில்நுட்பவியலாளருக்குச் சம்பளம் குடுக்க ஆரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. உண்மையில் காசு தேவைப்படுவது அங்கேதான்.

அதோடு இன்னொன்று. நிறுவனங்கள் வளருது எண்டு அரசாங்கம் ஒதுங்க ஏலாது. அரச வேலையில் 3 வீதம் ஒதுக்கச் சொன்ன சுற்றறிக்கை 1988இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டிடங்களில் அணுகுவசதி வேண்டும் எண்ட ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. கடதாசியில் குறையில்லை. ஆனால் நல்ல காலைப் போட்டுக்கொண்டு வருகிறவர் பஸ்ஸின் உயரப் படியில் ஏற ஏலாமல் நின்றால், சக்கர நாற்காலியில் வருகிறவர் அரச அலுவலக வாசலோடு திரும்பினால், நிறுவனம் செய்த வேலை அந்தப் படியிலேயே நின்றுவிடும்.

எங்களால் செய்யக்கூடியது பக்கத்திலேயே இருக்கு. எங்கட வாசிகசாலை, ரியூசன் கொட்டில், விளையாட்டுக் கழகம், நாங்கள் நிகழ்ச்சி வைக்கிற மண்டபம் எல்லாவற்றின் வாசலையும் ஒருக்கால் பாருங்கோ. சாய்தளம் இல்லாத மண்டபத்தில் அடுத்த நிகழ்ச்சியை வைக்கமாட்டம் எண்டு முடிவெடுக்க எங்களுக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.